புளி நனைந்ததற்கும் எனக்கும் உள்ள சம்பந்தம்

பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. அவர் பேசாமல் இருப்பது எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. போன வருஷம் முருங்கைக்காய் விஷயத்தில் ஆடி பிறந்ததிலிருந்து கார்த்திகை தீபம் வரைக்கும் பேசாமல் இருந்தார். ஆனால் இந்தத் தடவை தப்பு என் பக்கம் என்று அம்மாவே சொல்லிவிட்டதால் விவகாரம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுத்து, சந்தில் பாய் விரித்துக் காயவைத்திருந்த புளி முழுக்க நனைந்துவிட்டது. அதுவும் மேகமே இல்லாத சித்திரை வெயிலில். மழை நனைத்திருந்தால் வருண பகவானை நாலு திட்டு திட்டிவிட்டு உள்ளே போயிருப்பார். நனைத்தது எங்கள் மொட்டைமாடித் தண்ணித் தொட்டி. தொட்டி வழிந்ததற்குக் காரணம் ஒரு கேம் பெட்டி, கேம் பெட்டி செத்ததற்குக் காரணம் ஒரு பல்லி. ஆக, புளியை நனைத்தது பல்லிதான் என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

பல்லி கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன எக்ஸ்பாக்ஸ் 360, 2005இல் வந்ததே அந்தக் குண்டு மாடல், அவன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்குச் செங்கல் சைஸில் தனியாக ஒரு பவர் பெட்டி உண்டு. அதற்குள் கதகதப்பாக இருக்கிறதென்று குடித்தனம் போன பல்லி, ஒரு நாள் ‘சட்’டென்ற சத்தத்தோடு தானும் போய், பவர் பெட்டியையும் மதர்போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டது. ரிப்பேர் செய்ய ஆள் தேடலாம் என்று நான் இருக்க, அம்மாவோ செத்த பல்லிக்குப் பரிகாரம் தேடினார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால்தான் தோஷம் போகும் என்று ஒரே பிடி. குடும்பத்தோடு கார் பிடித்து, வரிசையில் நின்று, ஏணி ஏறி, தலைக்கு மேலே இருக்கும் பல்லியைத் தொட்டு, திரும்பும்போது ஆம்பூரில் வண்டியை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, “கோயிலுக்குப் போய்ட்டு வர்ற வாயா அது” என்று அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம். எனக்குத் தோஷம் போனதா தெரியாது. பெட்டிக்குப் போகவில்லை.

பெட்டி போனாலும், கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் இரண்டும் புத்தம் புதுசு மாதிரி இருந்தன. அக்கா பையன் லீவுக்கு வந்து, “மாமா, இதைக் கம்ப்யூட்டர்ல போட முடியாதா?” என்று கேட்டபோது, முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்குப் பெரியம்மா வீட்டிலிருந்து ரசம் வந்திருக்கும்.

முதலில் சார்ஜ் ஒயரைக் கன்ட்ரோலரில் குத்திக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அந்த ஒயரில் கரண்ட் மட்டும்தான் போகும், பட்டன் அழுத்தும் சேதியெல்லாம் போகாது. ப்ளூடூத்தும் அதற்குக் கிடையாது. அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அது பேசுவது பெட்டியைச் செய்த மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் சொந்த பாஷை. அதைப் புரிந்துகொள்ளும் ரிசீவர் செத்த பெட்டியின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. பவர் பட்டனைச் சுற்றி நாலு விளக்கு வட்டமாக எரியுமே, அந்தப் போர்டுதான். அதில் வேடிக்கை என்னவென்றால், அது உள்ளுக்குள் சாதாரண யுஎஸ்பி சாமான். முகம் மட்டும்தான் வேறு. நட்சத்திரத் தலை ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளங்கை அளவில் கையோடு வந்துவிடும்.

ஆனால் அதற்கு 3.3 வோல்ட்தான் ஆகும். கம்ப்யூட்டர் கொடுப்பது 5. நாலு ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அதெல்லாம் எதுக்கு, நாலாயிரத்து ஏழு டையோடு ரெண்டு வரிசையா போடுங்க, இறங்கிரும்” என்றார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும், மிச்சம் 3.6. கல்யாணப் பந்தியில் நமக்கு முன்னால் இரண்டு பேரை உட்காரவைத்து அனுப்புவது மாதிரி. நமக்கு வரும்போது அளவாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஒயர். இங்கேதான் சனி பிடித்தது. முதலில் அம்மாவின் போன் சார்ஜர் ஒயரை வெட்டினேன். உள்ளே சிவப்பு, கறுப்பு இரண்டே இரண்டு. மலிவு ஒயர்களில் சார்ஜுக்கு வேண்டியதோடு நிறுத்திவிடுகிறார்கள், சேதி போக வேண்டிய பச்சையும் வெள்ளையும் கிடையவே கிடையாது. சரி என்று அக்கா பையனின் டார்ச் ஒயரை வெட்டினேன். அதிலும் இரண்டுதான். அப்புறம் வீட்டில் நாலு ஒயரும் நிச்சயமாக இருக்கும் என்று தெரிந்த ஒரே ஒரு கேபிள், அப்பாவின் பிரிண்டர் கேபிள். அப்பா அதில்தான் கும்பாபிஷேக வசூல் ரசீது அடிக்கிறார். அவர் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வெட்டினேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், வீட்டில் இன்னும் சிலர் எலி கடித்ததாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பற்றவைத்து, சொருகி, விண்டோஸில் ‘தெரியாத சாதனம்’ என்று வந்ததை, நாமே கைப்பிடித்து, இது 360 ரிசீவர்தான் சாமி என்று பட்டியலில் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, ஒரு வழியாக ஏற்றுக்கொண்டது. கன்ட்ரோலர் மட்டும் சேரவில்லை. சேராது. அதைச் சேர்க்கும் உத்தரவு மதர்போர்டிலிருந்து வர வேண்டும், அதுதான் பல்லியோடு உடன்கட்டை ஏறிவிட்டதே. அந்த உத்தரவு என்னவென்று தெரிந்தால் சிரிப்பீர்கள். பத்தே பத்து எண். ஏழு பூஜ்யம், ஒரு ஒன்று, மறுபடி இரண்டு பூஜ்யம். என் பிளஸ் டூ ரேங்க் கார்டு மாதிரி இருக்கிறது என்று அப்பா பிறகு சொன்னார். எண்ணைச் சும்மா கொட்டிவிடவும் முடியாது. தாளம் போடுவது அந்தப் போர்டு, அது ஒவ்வொரு தட்டு தட்டும்போதும் நாம் ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கல்லில் ஒருத்தர் சுற்ற இன்னொருத்தர் மாவைத் தள்ளிவிடுவது மாதிரி. நேரம் தப்பினால் விரல் நசுங்கும்.

அதைச் செய்ய ஒரு ஆர்டுயினோ வேண்டும், நாம் எழுதும் நிரல்படி ஆடும் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு அது. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் மொட்டைமாடியில் வேலையில் இருந்தது. நான் இத்தனை வருஷத்தில் செய்து, வேலை செய்த ஒரே சாமான் அந்தத் தண்ணித் தொட்டி அலாரம்தான். தொட்டி நிரம்பினால் ‘கீ கீ’ என்று கத்தும், அம்மா அடுப்படியிலிருந்து போய் மோட்டாரை நிறுத்துவார். அரை மணி நேரம்தானே என்று அதைக் கழற்றிக்கொண்டு கீழே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான் நிரலை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா மோட்டார் போட்டிருக்கிறார்.

ஒகேனக்கல் தண்ணீர் அது. நம் ஜில்லாவில் போர் தண்ணீர் குடித்துப் பல்லெல்லாம் பழுப்பேறுகிறது என்று ஜப்பான்காரனிடம் கடன் வாங்கி, குழாய் போட்டு, காவிரியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீர் சம்புக்கு வந்து, சம்பிலிருந்து தொட்டிக்கு ஏறி, தொட்டியிலிருந்து சன்ஷேடு வழியாக இறங்கி, பெரியம்மாவின் பாயில் போய்ப் புளி கரைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், கீழே என் மேஜையில் நாலு விளக்கும் பச்சையாக ஒரு சுற்று சுற்றி, இடது மேல் மூலையில் ஒன்று மட்டும் நின்று எரிந்தது. கன்ட்ரோலர் சேர்ந்துவிட்டது. நான் “வந்துருச்சு!” என்று கத்தினேன். சந்திலிருந்து பெரியம்மாவும் கத்தினார். முதலில் அவரும் சந்தோஷப்படுகிறார் என்றே நினைத்தேன்.

“உன் பொட்டி கத்தும்னுதானடா நான் பேசாம இருந்தேன்” என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். பெரியம்மா சொன்னதை எழுத முடியாது. வண்டு துளைக்காத, கறுக்காத, முதல் தரப் புளி, சென்னையில் இருக்கும் மகளுக்கு வருஷத்துக்கும் ஆகிற மாதிரி எடுத்து வைத்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், பிசுபிசுவென்று விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. குழம்பு வைக்கிற பதத்தில் இருந்தது.

இத்தனைக்கும் அப்புறம் அந்த ரிசீவராவது ஒழுங்காக ஓடியதா என்றால், அதுவும் இல்லை. ஐந்து நிமிஷம் ஓடும், மேஜையில் கை பட்டால் போய்விடும். அக்கா பையன் இரண்டு தடவை பார்த்துவிட்டு அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு படுத்துவிட்டான். அந்தப் போனிலும் சார்ஜ் இல்லை. ஏன் இல்லை என்று நான் சொல்லவில்லை.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். அப்பா எழுந்து வந்தார். பிரிண்டர் கேபிள் விஷயம் தெரிந்ததிலிருந்து அவரும் பெரியம்மா கட்சி. ஒன்றும் பேசாமல் போர்டைக் கையில் எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ரேடியோ ரிப்பேர் செய்த காலத்துப் பார்வை அது. வால்வு செட்டைத் தட்டித் தட்டிக் கேட்பாரே, அந்தப் பார்வை.

“ஈயம் ஒட்டல. சும்மா மேல உட்கார்ந்திருக்கு.”

டிரை சால்டர். பளபளவென்று இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் உருண்டையாக நின்றது. நான் பற்றவைக்கும் அயர்னை ஈயத்தில் வைத்து உருக்கி ஊற்றியிருக்கிறேன், ஈயம் பிடிக்க வேண்டிய போர்டின் காலைச் சூடாக்கவே இல்லை. பரணிலிருந்து அவருடைய பழைய அயர்னை இறக்கச் சொன்னார், நுனியை ஈரத் துணியில் ஒரு இழுப்பு இழுத்தார். கை கொஞ்சம் நடுங்கியது. மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டதும் நின்றுவிட்டது. “டார்ச்சை நேரா பிடி, உன் மூஞ்சிக்கா அடிக்கிறே” என்றார். ஆறாவது படிக்கும்போதும் இதே திட்டுதான். ஆறு இடத்தையும் காலில் சூடு ஏற்றி, பிறகு ஈயத்தைக் காட்ட, அது தானாக ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது. முடித்ததும் போர்டை மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். போகவில்லை.

விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நாலு விளக்கு எதுக்கு?” என்று கேட்டார்.

“நாலு பேர் ஆடலாம்பா.”

“அப்போ பெரியம்மாவையும் கூப்பிடு.”

சிரிப்பாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் நாலு ரோட்டுக்குப் போய் இரண்டு பிரிண்டர் கேபிள் வாங்கி வந்தார். ஒன்று பிரிண்டருக்கு, இன்னொன்றை என் மேஜையில் போட்டுவிட்டு, “இதை வெட்டிக்கோ” என்றார். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது உண்மைதான். சாயந்திரம் அவருடைய டைரியைத் தற்செயலாகப் பார்க்கும்வரை அடைத்தது. என் பெயருக்கு நேரே பற்று எழுதியிருக்கிறார்: கேபிள் 2, சார்ஜர் ஒயர் 1, டார்ச் ஒயர் 1. கீழே ஒரு கோடு போட்டு, புளி, விலை விசாரிக்க வேண்டும்.