விசில் ஊதத்தானே போனார்?

“சார், அவர் விசில் ஊதத்தானே போனார்? விளையாடப் போகலையே?”

அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை காலை என்று ஃபிக்ஸ்சர் வந்ததும் எங்கள் ஸ்கூல் ஹாக்கி டீமின் சென்டர் ஹாஃப், அதாவது நடுக்கள ஆட்டக்காரன், என்னிடம் சொன்னது இது. கேள்வி போலத்தான் இருக்கும். உண்மையில் நான் சொன்னதற்குப் பதில். அவன் வர முடியாது என்றான், சபை ஆராதனை இருக்கிறது, லிடல்கூட ஞாயிறு ஓடவில்லையே என்று. நான் திட்டவில்லை. “ஏல, நீ சொல்லுத அதே லிடல்தாம்ல பிறகு ஞாயித்துக்கிழமை ஹாக்கி கிரவுண்டுக்கு வந்தாரு” என்றேன். அதற்குத்தான் அவன் இப்படிச் சொல்லிவிட்டுப் போனான்.

ஓட்டக்காரர் எரிக் லிடல் கதையை அவனுக்குச் சொன்னதே நான்தான். ஒவ்வொரு வருஷமும் புது பேட்ச்சுக்குச் சொல்வேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ். 100 மீட்டர் முதல் சுற்று ஞாயிறு, ஓய்வுநாள், என்பதால் ஓடமாட்டேன் என்றவர். கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு அது தெரிந்தது என்பார்கள், அது ஜோடனை. பல மாதம் முன்பே அட்டவணை தெரியும். முடிவும் அப்போதே எடுத்ததுதான், 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்க அவகாசமும் இருந்தது. 47.6 வினாடியில் தங்கம். 200 மீட்டரில் வெண்கலம். பையன்களுக்கு இதுவரை சொன்னாலே போதும், கண் விரியும்.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருகிற லிடல். தங்கம் வாங்கிய மறுவருஷமே சீனாவில் உள்ள தியான்ஜினுக்குக் கிளம்பிவிட்டார். பிறந்ததும் அங்கேதான், 1902-இல், மிஷனரி பெற்றோருக்கு. ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் விஞ்ஞான வாத்தியார், கூடவே விளையாட்டும். உலகமே பெயர் தெரிந்து வைத்திருந்த ஓட்டக்காரர் வசதியான வீட்டுப் பையன்களுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தார். 1928 ஒலிம்பிக்ஸ் வந்தது, போனது. அவர் அங்கே இல்லை. எங்களைப் போன்ற பி.டி. வாத்தியார்களுக்கு அது தரும் ஆறுதலை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

1941-இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளைப் பார்க்கவே இல்லை. 1943-இல், உலகப் போரின் நடுவே, ஜப்பானியர் அவரைச் சீனாவிலேயே வெய்ஷியன் சிறை முகாமில் அடைத்தார்கள். ஒரு மிஷன் வளாகத்துக்குள் சுமார் 1,500 பேர். சீஃபூ உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பலருக்குத் தாய் தகப்பன் எங்கோ தூரத்தில். அவர்களுக்கு இவர் ‘எரிக் மாமா’. ஆய்வுக்கூடம் கிடையாது, எனவே கருவிகளைக் கையால் வரைந்து வேதியியல் நோட்டு தயாரித்துக் கொடுத்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணி கிழித்துச் சுற்றிச் சரிசெய்தார். ஞாயிறு மட்டும் விளையாட்டு நடத்தமாட்டார்.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரு ஞாயிறு அவர்களாகவே ஹாக்கி ஆடினார்கள், நடுவர் இல்லாமல். சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் விசிலோடு மைதானத்தில் நின்றார்.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எதற்காகச் சொன்னேன் என்பதில்தான் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறேன். அவரது வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகப் படும் இடம் அது. அதைப் பையனிடம் சொல்லக்கூடாதா? சொல்லலாம். அரையிறுதிக்கு மூன்று நாள் முன்பு, சென்டர் ஹாஃப் கையை விட்டுப் போகிற நேரத்தில் சொல்வது அதேதானா?

பையன் பிடித்த இடம் சரியான இடம். பாரிஸில் விட்டுக்கொடுத்தது லிடலின் சொந்த ஓட்டம். வெய்ஷியனில் எதிரே நின்றது பிறத்தியார் பிள்ளைகள், கையில் மட்டையோடு. தன் பதக்கத்துக்காக ஞாயிற்றைத் தொடாதவர், பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தொட்டார். அந்தக் கணக்கில் ஞாயிறு மைதானத்துக்கு வரவேண்டியவன் நான், அவன் இல்லை. இருந்தாலும் விடமாட்டேன்: மற்ற பத்துப் பேரும் பிள்ளைகள்தானே? அவர்களை விட்டுவிட்டுப் போவது எதில் சேரும்? இதை அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பானோ என்னவோ. அதனால்தான் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கும் ஞாயிறுக்கும் உள்ள கணக்கு வேறு. எங்கள் ஆச்சி சனிக்கிழமையே மசாலா அரைத்து வைத்துவிடுவாள், ஓய்வுநாளில் அம்மி சத்தம் கேட்கக்கூடாது. அவள் பேரன் வேலையில் சேர்ந்ததிலிருந்து ஞாயிறு காலை என்றால் கிரவுண்டுதான். கோயிலுக்குப் போவது சாயங்கால ஆராதனைக்கு, அதுவும் போட்டி சீக்கிரம் முடிந்தால். லிடலே வந்தாரே என்பதைப் பையனுக்குச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்படியெல்லாம் இல்லை, வேலை அப்படி, என்றும் தோன்றுகிறது.

அவன் வரவில்லை. நாங்கள் ஜெயித்தோம். தோற்றிருந்தால் விஷயம் லேசாகப் போயிருக்கும், கோபப்பட்டு மறந்திருப்பேன். அவன் இடத்தில் ஆடிய ஒன்பதாம் வகுப்புப் பையன் உயிரைக் கொடுத்து ஆடினான். திங்கட்கிழமை ஃபைனல். சபைக்குப் போனவன் எல்லோருக்கும் முன்பே வந்து ஷூ மாட்டிக்கொண்டு நின்றான். தொடக்கப் பதினொன்றில் அவன் பெயர் இல்லை. மூன்றாவது குவார்ட்டரில்தான் இறக்கினேன்.

“தண்டனை இல்லடே, அவன் நல்லா ஆடியிருக்கான்லா” என்றேன். “சரி சார்” என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை.

நேற்று வென்ற டீமை மாற்றாதே என்பது எந்தக் கோச்சும் சொல்வதுதான். லிடலை அந்த 400 மீட்டரில் ஓடவிட்டார்களே, பெஞ்சில் உட்கார வைக்கவில்லையே என்பதும் உண்மைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் நியாயம் கொஞ்சம் இளைக்கிறது. ஆனால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை உட்கார வைத்திருந்தால் இன்றைக்கு அவனைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

லிடல் 1945 பிப்ரவரி 21-இல் முகாமிலேயே இறந்தார், 43 வயதில். மூளையில் கட்டி என்பது இறந்த பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்டில், முகாம் விடுதலையானது. அவர் ஏன் மனம் மாறினார் என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொள்கிறேனே தவிர, ஒருவேளை அவர் எதையும் மாற்றிக்கொள்ளவே இல்லையோ. ஓய்வுநாளில் ஒரு வேலை வந்தது, செய்தார், அவ்வளவாகவும் இருக்கலாம்.

இந்த வருஷ ஃபிக்ஸ்சர் கூட்டத்தில், ஞாயிறு காலை ஆட்டங்களை மத்தியானத்துக்குத் தள்ளலாமா என்று கேட்டேன். “வெயில்ல யார் சார் ஆடுவா?” என்றார்கள். நியாயம்தான். டீம் லிஸ்ட்டில் சென்டர் ஹாஃபுக்கு இரண்டு பெயர் எழுதியிருக்கிறேன். புது பேட்ச்சுக்கு லிடல் கதையை இன்னும் சொல்லவில்லை.