ஜான் ஹர்ட்டின் கட்டைவிரல்

பிப்ரவரி 4

என் கட்டைவிரலில் போட்ட கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. கிட்டாரைத் தொட வழியில்லாததால், பீட்டர் கேஸ் தயாரித்து 2001-இல் வெளிவந்த ‘அவலான் புளூஸ்’ தொகுப்பை மாலை முழுவதும் கேட்டேன். அமெரிக்க புளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் பாடல்களைப் பல பாடகர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் பாடி அவருக்குச் செய்த அஞ்சலி அது. ஒருவர்கூட அவருடைய குரலை நகலெடுக்க முயலவில்லை என்பதே எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது.

பிப்ரவரி 5

வலி. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 7

இன்று ஹர்ட்டே பாடிய மூலப் பதிவுகள் மட்டும். 1928-இல் மெம்ஃபிஸிலும் நியூயார்க்கிலும் ஓகே இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிவிட்டு ஊர் திரும்பிய மனிதர், அதன்பின் 35 ஆண்டுகள் வயல் வேலை பார்த்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறவில்லை. 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற புளூஸ் ரசிகர், ஹர்ட்டின் பாடலொன்றில் வந்த ஊர்ப்பெயரைப் பிடித்துக்கொண்டே மிசிசிப்பியின் அவலானுக்குச் சென்று அவரைக் கண்டபோது, அவரிடம் சொந்தக் கிட்டார்கூட இல்லை. ஆயினும் அந்தக் கட்டைவிரல் எதையும் மறந்திருக்கவில்லை. தடித்த தந்திகளில் அது மாறி மாறி ஒரே சீராக நடந்துகொண்டிருக்க, சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிக்கின்றன. மெட்டு எவ்வளவு முந்தினாலும் பிந்தினாலும் கட்டைவிரல் தன் நடையை மாற்றுவதில்லை. என் விரலுக்கு அந்த நடை திரும்புமா என்பதைத் தவிர வேறெதையும் இன்று நினைக்க முடியவில்லை.

பிப்ரவரி 8

அஞ்சலித் தொகுப்பில் லூசிண்டா வில்லியம்ஸ் பாடிய ‘ஏஞ்சல்ஸ் லெய்ட் ஹிம் அவே’. லூயிஸ் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட கதை. ஆனால் ஹர்ட் அதைத் துப்பாக்கியிலிருந்து தொடங்காமல், தாயின் அழுகையிலிருந்து தொடங்கியிருக்கிறார். கொலைப்பாட்டைக்கூடக் குரலை உயர்த்தாமல், பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் பாடியவர் அவர். லூசிண்டாவின் கரகரத்த குரல் அவருடையதற்கு முற்றிலும் வேறானது. துக்கம் மட்டும் அதே துக்கம்.

பிப்ரவரி 10

தூக்கம் பிடிக்காமல் ‘கேண்டி மேன்’ கேட்டேன். அதே தொகுப்பில் பாடகர் ஸ்டீவ் ஏர்லும் மகன் ஜஸ்டினும் சேர்ந்து பாடியது. 2020-இல் மகன் இறந்தார். தந்தை அவருடைய பாடல்களைப் பாடிப் பதிவுசெய்து, 2021 ஜனவரி 4 அன்று, மகனின் பிறந்தநாளில், ‘ஜே.டி.’ என்ற தொகுப்பாக வெளியிட்டார். ஒரு முன்னோடிக்காக மகனோடு சேர்ந்து பாடியவர், பின்னாளில் அந்த மகனுக்காகவே பாட நேர்ந்ததை நினைத்தபோது பாட்டை முடிவுவரை கேட்க முடியவில்லை.

பிப்ரவரி 11

நாளை மறுநாள் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 13

கட்டைப் பிரித்தார்கள். விரல் பாதிதான் மடங்குகிறது. வீக்கம் வடியாவிட்டால் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும், தாஜ் மஹால் என்ற புளூஸ் பாடகர் அந்தத் தொகுப்பில் பாடியிருக்கும் ‘மை கிரியோல் பெல்’ பாட்டை எடுத்து, மெட்டை விட்டுவிட்டுக் கட்டைவிரல் பகுதியை மட்டும் ஐந்தாம் தந்திக்கும் நான்காம் தந்திக்குமாக வாசித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியில் நடை தடுமாறுகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து நாளைக் காலை மீண்டும் வாசித்துப் பார்க்க வேண்டும்.