ஆனியிலும் ஆடியிலும் முட்டம் கடல்

ஜூன் 18
கச்சான் காற்று விடாமல் வீசுகிறது. குளச்சலில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. ஒரே கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் விசைப்படகுகளுக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம்: கிழக்குக் கரையான சின்னமுட்டத்தில் ஜூன் 14-உடன் முடிந்துவிட்டது, மேற்குக் கரையான எங்களுக்கு ஜூலை 31 வரை. வெளியூர்க்காரருக்கு இதை விளக்குவதற்குள் டீ ஆறிவிடும்.

ஜூலை 5
வெயில் மண்டையைப் பிளக்கிறது, கடலில் கால் வைத்தால் தண்ணீர் வெடவெடக்க வைக்கிறது. "அடித்தண்ணீர் ஏறியிருக்கிறது மக்களே" என்றார் பெரியப்பா. மழைநீர் கலந்ததால்தான் இந்தக் குளிர் என்று பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரர் அடித்துப் பேசினார். பெரியப்பா சொன்னதுதான் சரி. இந்தப் பருவத்தில் காற்று வடமேற்கிலிருந்து கரையை ஒட்டியபடி கன்னியாகுமரி முனையை நோக்கி ஓடுகிறது. பூமி சுழல்வதால், வடகோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் மொத்தமாகக் காற்றுக்கு வலப்பக்கம் ஒதுங்குகிறது. இங்கே வலப்பக்கம் என்றால் ஆழ்கடல். கரையோரம் காலியாகும் இடத்துக்குக் கீழிருந்து குளிர்நீர் ஏறி வருகிறது. சுவீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் 1905-இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கேரளக் கரையில் வடக்கே பரவும் முன், இது தொடங்குவது நம் தென்முனைப் பக்கம்தான்.

ஜூலை 19
சிறுபடகான வள்ளத்தில் போனவர்கள் கொண்டுவந்த சாளை, அதாவது மத்தி மீன். சின்னம்மா அரிவாள்மணையில் ஒன்றைக் கீறியபோது குடலிலிருந்து பச்சையும் பழுப்புமாகக் களிபோல ஒன்று பிதுங்கியது. அது முழுக்க டயட்டம் என்னும் நுண்பாசி. ஆழத்தில் தேங்கிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் அடித்தண்ணீரோடு வெளிச்சத்துக்கு வந்ததும் அது பெருகுகிறது. ஃப்ராஜிலேரியா ஓசியானிகா என்ற வகை மிகுந்தால் சாளை வரும் என்று ஆய்வாளர்கள் வெகுநாள் முன்பே எழுதியிருக்கிறார்கள். இவ்வளவும் பாசியா என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன், சின்னம்மா சிரித்தாள்.
அடித்தண்ணீரால் நன்மை மட்டும் என்றும் சொல்ல முடியாது. அதில் ஆக்சிஜன் குறைவு. அது கரைக்கு நெருங்கும்போது கடலடியில் வாழும் தரைமீன்கள் இடம் பெயர்ந்துவிடும். ஆடியில் மீனே இல்லை என்று புலம்புகிறவர்கள், கடல் அடுத்த மாதங்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 2
தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. எல்லோர் வாயிலும் முனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்னும் மீன்வளம் மிக்க கடல்திட்டுதான். 1976-இல் இலங்கையுடன் செய்த ஒப்பந்தத்தில் அது இந்தியாவுக்கு என்று உறுதியானது. கணவாய் கிடைத்தால் கடன் தீரும் என்கிறார் பெரியப்பா. ஐஸ் விலையை இன்றே ஏற்றிவிட்டார்கள். மீன் வந்த பிறகு ஏற்றினால் ஆகாதா?