பிஸ்கட் பக்கட்டிலும் நெல் மூட்டையிலும் ஹராம்

கடையில் பிஸ்கட் பக்கட்டைத் திருப்பி, ஜெலட்டின் சேர்ந்திருக்கிறதா, ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பன்றி, மது, இரத்தம், தானாகச் செத்தது எல்லாம் ஹராம் (மார்க்கம் விலக்கியது) என்று திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவிலோ மூதூரிலோ யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வட்டி ஹராம் என்பதும் தெரியும். ஆனால் வட்டி வங்கியிலும் லீசிங் கம்பெனியிலும் மட்டுந்தான் குடியிருக்கிறது என்றொரு நினைப்பு இருக்கிறது. விதை நெல் கடனிலும் நகைக்கடை பில்லிலும் சீட்டுக் கொப்பியிலும் அது வேறு பெயரில் உட்கார்ந்திருப்பதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியது சூரத்துல் பகராவின் 275ஆம் வசனம். சில்லறைக் கணக்குக்கு வழிகாட்டுவது நபித்தோழர் உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி). தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு ஆகிய ஆறையும் அதே இனத்துக்கு மாற்றினால் அளவு சமமாக இருக்க வேண்டும், கைக்குக் கை நடக்க வேண்டும். இனம் வேறானால் அளவு கூடலாம், குறையலாம். கைமாற்றம் மட்டும் உடனே நடக்க வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழிமுறையில்) தங்கமும் வெள்ளியும் நாணயப் பொருள் என்ற காரணத்தாலும், மற்ற நான்கும் உணவு என்ற காரணத்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஆகவே அரிசியும் நெல்லும் ஹதீஸில் பெயர் சொல்லப்படாவிட்டாலும் உள்ளே வந்துவிடும்.

விதை நெல்லை எடுத்துக்கொள்வோம். பெரும்போகத்துக்கு 10 புசல் விதை நெல் கொடுத்து, அறுவடையில் 15 புசல் வாங்குவது பச்சை வட்டி. காசு கைமாறவில்லை, நெல்லுக்கு நெல்தானே என்பது சமாதானம் ஆகாது. 10 கொடுத்தால் 10தான் திரும்ப வர வேண்டும். கடனாகக் கொடுப்பதால் தவணை இருக்கலாம், அதில் தடையில்லை. வாங்கியவர் முன்பேச்சு எதுவும் இல்லாமல், தன் மனதுக்குப் பட்டு அரைப் புசல் கூட்டிக் கொடுத்தால் அது ஆகும். கூட்டித் தருவார் என்ற பேச்சோ வழக்கமோ முன்னரே இருந்தால் ஆகாது.

இதில் பலர் யோசிக்காத ஓர் இடம் ஈரப்பதம். கொடுத்தது காய்ந்த நெல்; திரும்பி வருவது இயந்திரம் வெட்டிய கையோடு வந்த ஈர நெல். ஒரு புசலை ஏறத்தாழ 21 கிலோ என்று வைத்தால் 10 புசல் 210 கிலோ. 20 சதவீத ஈரத்தோடு 210 கிலோ வந்தால், நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் 14 சதவீதத்துக்குக் காயும்போது அது 195 கிலோவாக இறங்கிவிடும். அளவு சரியாக இருந்தது போலத் தெரியும், 15 கிலோ காணாமல் போயிருக்கும். கொடுத்த நிலையிலேயே, காயவைத்து, கொடுத்த அதே அளவையால் அளந்து கொடுப்பதே நேர்மை. நிறுத்துக் கொடுத்திருந்தால் நிறுத்தே வாங்க வேண்டும்.

மட்ட நெல் இரண்டு மூட்டை கொடுத்து நல்ல நெல் ஒரு மூட்டை வாங்குவதும் கூடாது. இதற்கு நேரடி ஆதாரமே இருக்கிறது: பிலால் (ரலி) இரண்டு ஸாவு (அக்கால முகத்தல் அளவை) மட்டமான பேரீச்சம்பழம் கொடுத்து ஒரு ஸாவு நல்லது வாங்கி வந்தபோது, இதுதான் வட்டி என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மட்டமானதை விற்று, அந்தக் காசில் நல்லதை வாங்கச் சொன்னார்கள். மில்லில் நெல்லைப் போட்டு அதற்கு ஈடாக அரிசி எடுப்பவர்களுக்கும் பாதுகாப்பான வழி இதுவே. நெல்லுக்கு விலை போட்டுக் காசை வாங்கிவிட்டு, பிறகு அரிசிக்குக் காசு கொடுங்கள்.

இதே ஹதீஸ்தான் நகைக்கடைக்கும் விளக்கம். பழைய வளையல் 16 கிராம், புதிய சங்கிலி 12 கிராம். கடைக்காரர் இரண்டையும் ஒரே பில்லில் போட்டு, கூலியையும் சேதாரத்தையும் 4 கிராமில் கழித்துவிட்டு, “கணக்குச் சரி, கொண்டுபோங்க தங்கச்சி” என்கிறார். தங்கத்துக்குத் தங்கம், எடை சமமில்லை. ஆகவே அது வட்டி. வேலைப்பாட்டுக்காக எடையைக் கூட்டலாமா என்பதில் பழைய கால அறிஞர் இப்னு தைமிய்யா வேறு கருத்துச் சொன்னாலும் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பழையதை விற்று, காசைக் கையில் எண்ணி வாங்குங்கள். அங்கேயே வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக்கூடாது. பிறகு புதியதற்குத் தனிப் பில். காசைத் தராமல் “கணக்கில் வைத்திருக்கிறேன்” என்றால் கைக்குக் கை நடக்கவில்லை. தவணைக்கு நகை எடுப்பதும் இதே காரணத்தால் கூடாது என்பது இன்றைய உலமாக்களில் (மார்க்க அறிஞர்களில்) பெரும்பாலோர் கருத்து, ஏனெனில் நோட்டுக்காசும் நாணயத்தின் இடத்தில் நிற்கிறது.

அடகு வைப்பதே ஹராம் என்று சிலர் நினைப்பது தவறு. நபி (ஸல்) அவர்கள் தம் போர்க்கவசத்தை ஒரு யூதரிடம் ஈடு வைத்து வாற்கோதுமை வாங்கினார்கள். ஈட்டுப் பொருள் கடனுக்குப் பிணை, அவ்வளவுதான். அதிலிருந்து கடன் கொடுத்தவர் பயன் எடுப்பதுதான் சிக்கல். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்க வயல்களை வைத்தே சொல்லலாம். இரண்டு லட்சம் கொடுத்து ஒரு ஏக்கரை ஈடாக எடுத்து, காசு திரும்பும்வரை வேளாண்மை செய்து விளைச்சலைத் தானே எடுத்துக்கொண்டு, கடைசியில் இரண்டு லட்சத்தையும் முழுதாக வாங்கினால் அத்தனை போக விளைச்சலும் வட்டிதான். தாளில் வட்டி வீதம் எழுதாததால் அது கண்ணில் படுவதில்லை. மாற்று வழி குத்தகை: இத்தனை போகம், போகத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசி முழுக் குத்தகையையும் முன்கூட்டியே கொடுக்கலாம். காணிக்காரருக்கும் மொத்தமாகக் காசு கிடைக்கும், தவணை முடிந்ததும் வயல் தானாகத் திரும்பும். காசு திருப்ப வேண்டியதில்லை.

பசளைக் கடனில் வரும் தவறு வேறு மாதிரி. கடனுக்கு விற்பதால் விலையைக் கூட்டுவது ஆகும், ஆனால் பிரியும் முன் ஒரே விலை முடிவாக வேண்டும். “மாசிக்குள் தந்தால் இவ்வளவு, பிந்தினால் இவ்வளவு” என்று விட்டால் பிந்தலுக்கான அந்தக் கூடுதல் வட்டி. நெல்லையும் எனக்கே, சந்தை விலையில் புசலுக்கு இவ்வளவு குறைத்துத் தர வேண்டும் என்று கட்டிப்போடுவது அடுத்த பிழை. பசளைக்கு ரூபாயில் விலை பேசுங்கள். நெல்லை அவர் விரும்பியவருக்கு விற்கட்டும்.

முன்பணம் கொடுத்து நெல் வாங்க விரும்பும் முதலாளிக்கு ஸலம் என்ற வழி இருக்கிறது. முழுக் காசும் அதே இடத்தில் கொடுக்கப்பட வேண்டும். நெல்லின் இனம் (நாடா, சம்பாவா, கீரிச் சம்பாவா), ஈரப்பதம், அளவு, கொடுக்கும் திகதி, இடம் எல்லாம் எழுத வேண்டும். “உன் இந்த வயலில் விளைவது” என்று எழுதினால் செல்லாது. வெள்ளம் வந்து வயல் போனாலும் அவர் வேறு இடத்திலிருந்து அதே தர நெல்லைத் தர வேண்டும். எங்குமே கிடைக்காவிட்டால் வாங்குபவர் காத்திருக்கலாம், அல்லது கொடுத்த காசை மட்டும் திருப்பி வாங்கலாம். ஒரு சதம் கூடாது.

சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எல்லாரும் சமமாகக் கட்டி, குலுக்கலில் முழுத் தொகையை எடுக்கும் சீட்டைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதிக்கிறார்கள். கழிவு கூறிக் குறைத்து எடுக்கும் சீட்டு ஹராம்.

இலங்கையில் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதும் வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி திறந்தது. அமானா வங்கி 2011இல் தொடங்கியது. பெயர்ப்பலகை இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். முராபஹாவில், அதாவது வங்கி பொருளை வாங்கி இலாபம் வைத்து உங்களுக்கு விற்கும் முறையில், உழவு இயந்திரம் எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: வங்கி முதலில் வாங்கித் தன்வசமாக்கியதா? உங்கள் கைக்கு வருமுன் உடைந்தால் யார் நட்டம்? “உங்கள் நட்டம்” என்றால் அங்கே விற்பனை நடக்கவில்லை, கடன்தான் நடந்திருக்கிறது.

சம்பளத்துக்காக வைத்திருக்கும் சாதாரணக் கணக்கில் வட்டி விழுந்துவிட்டால் அதை வங்கியிலேயே விட்டுவைக்கச் சொல்பவர்களும் உண்டு. இன்றைய உலமாக்களில் பெரும்பாலோர் எடுத்து ஏழைகளுக்கோ பொது வேலைக்கோ கொடுத்துவிடச் சொல்கிறார்கள், நன்மையை எதிர்பார்க்காமல். ஸகாத்தில் அதைக் கழிக்க முடியாது. வருமான வரிக்கும் மின்கட்டணத்துக்கும் அதைக் கொண்டு கட்டினால் அது உங்கள் செலவுக்கே போனதாகும்.