மேஜர் ஐயாவின் சட்டையும் 47 தையல் துளைகளும்

பதினான்கு மாதங்களாக என்னை விடாமல் துரத்திய ஒரு கேள்விக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மாலை விடை கிடைத்தது. மேஜர் ஐயாவின் ஆலிவ் பச்சைச் சட்டையின் வலக்கையில், சுற்றியுள்ள துணி வெளுத்துப்போயிருக்க, ஓரிடம் மட்டும் நிறம் மங்காமல் தனித்துத் தெரியும். அந்த இடத்தில் தைக்கப்பட்டிருந்த பாராசூட் இறக்கைச் சின்னம் (பாராசூட்டில் குதிக்கப் பயிற்சி பெற்றவர்கள் அணிவது) எது என்பது இப்போது எனக்கு ஐயமறத் தெரியும். கண்டுபிடித்த விதத்தை விவரமாக எழுதிவைக்கிறேன். இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் சேகரிப்பாளர் யாருக்கேனும் உதவும்.

ஐயா பாராசூட் ரெஜிமென்டின் 2ஆம் பட்டாலியனில் பணியாற்றியவர். 1971 டிசம்பர் 11 அன்று மாலை, லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னுவின் தலைமையில் அந்தப் பட்டாலியன் இன்றைய வங்கதேசத்தின் டாங்கைல் அருகே வானிலிருந்து குதித்தபோது அவரும் கேப்டனாக அதில் இருந்தார். வடக்கே மைமன்சிங், ஜமால்பூர் பக்கமிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தானியப் பிரிகேடின் வழியை மறிக்க, பூங்லி பாலத்தைப் பிடிப்பதே அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. ஐந்து நாட்களில், டிசம்பர் 16 அன்று, டாக்காவுக்குள் முதலில் நுழைந்த இந்தியப் படையினரும் அவர்களே. குன்னூரில் ஓய்வுக்காலத்தைக் கழித்த ஐயா மறைந்த பிறகு, அவருடைய தகர டிரங்குப் பெட்டியை அம்மா என்னிடம் ஒப்படைத்தார். இதில் எதையும் விற்கக் கூடாது, எதையும் யாரும் உடுத்தக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டுமே விதித்தார். இரண்டாவது நிபந்தனைக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்துடன் அவர்களுடைய சீருடையை மற்றவர் அணிவதைப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவே குற்றமாக்கியிருந்தது.

பெட்டியில் மெரூன் நிறப் பெரே தொப்பி, இரண்டு சட்டைகள், இடுப்பைச் சுற்றி, தோளின் குறுக்கே ஒரு பட்டையும் செல்லும் சாம் பிரவுன் தோல் பெல்ட், கேப்டனுக்குரிய மூன்று நட்சத்திரங்கள், மேஜருக்குரிய அசோகச் சிங்கங்கள், 1971 போருக்காக வழங்கப்பட்ட பூர்வி ஸ்டார், சங்கிராம் பதக்கம், ஒரு திசைகாட்டி, சிறிய துணிப் பையில் ஊசி நூல் ஆகியவை இருந்தன. சங்கிராம் பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்ததால் அது யாருடையது என்பதில் கேள்விக்கே இடமில்லை. சட்டைக்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் கிடையாது. ஜவான்களுக்கு ஷாஜஹான்பூர், ஆவடி போன்ற அரசு உடைத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் உடுப்புகளின் உட்புறத்தில் முத்திரையைத் தேடலாம். அதிகாரிகளோ தம் சட்டைகளைத் தையல்காரரிடம் சொந்தச் செலவில் தைத்துக்கொள்பவர்கள். ஆகவே இந்தச் சட்டையின் வரலாற்றைச் சொல்லக்கூடியவை அதிலுள்ள ஊசித் துளைகள் மட்டுமே.

சின்னம் பிய்த்தெடுக்கப்பட்ட இடத்துக்கு உரிய இறக்கையை வெளியில் தேடியதுதான் நான் செய்த முதல் பிழை. வெள்ளைப் பாராசூட்டும் இருபுறமும் வெளிர்நீல இறக்கைகளும் மங்கலான பச்சைத் துணியில் பின்னப்பட்ட மூன்று சின்னங்களை வெவ்வேறு விற்பனையாளர்களிடமிருந்து வாங்கினேன். மூன்றும் 1971ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்றே சொல்லி விற்கப்பட்டன. அவர்களுள் ஒருவர் பிரிட்டிஷ் மகுடம் பொறித்த தோள் சின்னம் ஒன்றையும் அதே போருக்குரியது என்று சொல்லி என் தலையில் கட்டப் பார்த்தார். 1950 ஜனவரி 26 அன்றே மகுடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது என்பதைக்கூட அறியாமல் இத்தொழிலில் இருப்பது எனக்குப் பெரும் எரிச்சலைத் தந்தது.

புற ஊதா விளக்கைக் காட்டியபோது மூன்று சின்னங்களும் நீலமாக ஒளிர்ந்தன. ஒளிர்ந்தால் போலி என்று நம்மில் பலர் சட்டென்று முடிவுகட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் சலவைத்தூளில் கலக்கப்படும் வெண்மையூட்டும் பொருள் துணியில் படிந்து தங்கிவிடுவதால், எழுபதுகளைச் சேர்ந்த அசல் சின்னமும் பலமுறை துவைக்கப்பட்டிருந்தால் ஒளிரவே செய்யும். ஐயாவின் சட்டையே அங்கங்கே ஒளிர்வதைப் பார்த்த பிறகு அந்தச் சோதனையின் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது. பின்புறத்திலிருந்து ஒரு நூலிழையை உருவி எரித்துப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். மூன்று சின்னங்களின் இழைகளும் மணியாகத் திரண்டன. நூல் இழையைக் கொண்டு மட்டும் காலத்தைத் தீர்மானித்துவிட முடியாது என்றாலும், அவற்றின் சீரான எந்திரத் துளைகளையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றையும் ஒதுக்கிவிட்டேன்.

நான் தேடியலைந்தது பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஊசி நூல் பையை வெளியே எடுத்து, பட்டியலிட்டு, மறுபடியும் உள்ளே வைத்தேனே தவிர, அதன் உள்மடிப்பைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மடிப்புக்குள் காக்கி நூல் சுற்றிய அட்டைக்கு அடியில் ஓர் இறக்கைச் சின்னம் நான்காக மடிந்து கிடந்தது. அதன் இழையை எரித்தபோது சாம்பல்தான் மிஞ்சியது. ஆனால் சட்டையின் மீது வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. ஒளிபுகும் தாளைச் சட்டைக்கையின் மீது விரித்து, அடியிலிருந்து விளக்கு காட்டி, பூதக்கண்ணாடியின் உதவியுடன் ஒவ்வொரு துளையையும் நுண்முனைப் பேனாவால் புள்ளியாகக் குறித்தேன். மொத்தம் 47 துளைகள். அந்தத் தாளைச் சின்னத்தின் மீது வைத்தால் மேல்விளிம்பில் ஐந்தாறு துளைகள் ஒத்துப்போய், பிறகு விலகத் தொடங்கின. பக்கவிளிம்பில் முதல் துளையிலேயே விலகின. அதுமட்டுமல்லாமல், சின்னத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட துளைகள் இருந்தன. இது வேறொரு சட்டையிலிருந்து வந்தது என்று எழுதிவைத்துவிட்டு நான்கு மாதங்கள் அதைத் தொடவே இல்லை.

மறுபடியும் அதை எடுக்க வைத்தவர் எங்கள் தெருத் தையல்காரர். வேறு ஏதோ வேலைக்காகப் போயிருந்தபோது, சாயம் போகும் பருத்தியை நனைத்து உலர்த்தாமல் வெட்டக் கூடாது, நீளவாட்டில் இழுத்துக்கொள்ளும் என்று அவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னத்தைப் பிரித்தெடுத்த பிறகும் சட்டை பலமுறை துவைக்கப்பட்டிருக்கும். சின்னமோ பையிலேயே இருந்துவிட்டது. துணி சுருங்கினால் துளைகளுக்கிடையிலான தூரமும் குறையும், அதுவும் நீளவாட்டில் ஓர் அளவும் அகலவாட்டில் வேறோர் அளவுமாகக் குறையும். எனவே தூரங்களை ஒப்பிடுவது வீண்வேலை. ஒப்பிடவேண்டியது வரிசையை. கையால் போட்ட தையலில் இரண்டு இடைவெளிகள் ஒன்றுபோல் இருப்பது அரிது. ஒன்று நீண்டு, இரண்டு குறுகி, மறுபடியும் ஒன்று நீண்டு என்று போகும் அந்த ஒழுங்கின்மையே தைத்தவரின் கைரேகை.

சட்டையின் 47 துளைகளை மேல் இடமூலையில் தொடங்கி, ஒவ்வோர் இடைவெளியும் அதற்கு முந்தையதைவிட நெடிதா குறிதா என்று மட்டும் எழுதிக்கொண்டேன். பிறகு சின்னத்தின் துளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தேன். அந்த வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. பின்புறமிருந்து பக்கவாட்டில் ஒளி பாய்ச்சியபோது ஒரு கூட்டத்தின் ஓரங்கள் கூர்மையாகவும், மற்றதன் ஓரங்கள் இழைகள் மூடிக்கொண்டதுபோல் மங்கியும் தெரிந்தன. மங்கியவை முந்தைய தையலுக்குரியவை. கூர்மையான கூட்டத்தில் 47 துளைகள் இருந்தன. நெடில் குறில் வரிசை தொடக்கம் முதல் இறுதி வரை ஒத்துப்போனது. கீழ் வலமூலையில் முடிச்சுக்காக ஒரே இடத்தில் இரண்டு முறை குத்திய தடம் உட்பட. கடைசித் துளையைச் சரிபார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேனாவைக் கீழே வைக்காமலே உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். சட்டை நைந்துபோகும்போதெல்லாம் ஐயாவே சின்னத்தைப் பிரித்துப் புதிய சட்டையில் தைத்துக்கொள்வார், ஊசிவேலைக்கு வேறு யாரையும் விடமாட்டார் என்று அம்மா சொன்னார். அப்படியானால் மங்கிய துளைகள் இதற்கு முந்தைய சட்டையுடையவை. அந்தச் சட்டை இப்போது இல்லை. டாங்கைலில் குதித்தபோது அணிந்திருந்தது அதுவா இதுவா என்று துளைகள் சொல்லவில்லை. ஆகவே என் பதிவேட்டில் அதைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

சின்னத்தை மறுபடியும் தைக்கப்போவதில்லை. புதிதாகக் குத்தும் ஓர் ஊசி பழைய சான்றை அழித்துவிடும். கஞ்சி போகத் துவைத்த மல் துணியைச் சுற்றிய அட்டையில் அதை ஏற்றி, சட்டைக்கு அருகிலேயே வைத்திருக்கிறேன்.

பெரே தொப்பியில் அந்துப்பூச்சி அரித்த ஐந்து சிறு ஓட்டைகள் இருந்தன. நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். உடனே பிரித்தால் கம்பளியில் ஈரம் கோத்துவிடும். பெட்டியிலிருந்த அந்துருண்டைகளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டேன்.

இடையில் ஒரு தகவல். அதிகாரிகள் விருந்துகளில் அணியும் மெஸ் உடுப்புக்கான ஜரிகைச் சின்னங்கள் தேவைப்படுவோர் வாரணாசியின் கைப்பின்னல் கலைஞர்களைத் தேடிச் செல்லலாம். பல நாட்டுப் படைகளுக்கு அவர்கள் பின்னித் தருகிறார்கள். புதியதைப் புதியது என்று சொல்லியே வாங்கினால் அதில் குறையொன்றும் இல்லை. அடுத்ததாக, கொரியப் போரில் பணியாற்றிய 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவைப் பற்றிய புகைப்படங்களையும் தாள்களையும் திரட்ட எண்ணியிருக்கிறேன். 1951 மார்ச்சில் முன்சான்னியில் அமெரிக்கப் பாராசூட் படையுடன் தம் குழுவோடு குதித்த லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜைப் பற்றித் தமிழில் இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அதற்கு முன் சாம் பிரவுன் பெல்ட் காத்திருக்கிறது. பித்தளைக் குமிழ்கள் தோலைத் தொடும் இடமெல்லாம் பச்சை மெழுகு பூத்திருக்கிறது; தோலுக்கு ஏற்றிய எண்ணெயும் பித்தளையிலுள்ள செம்பும் கூடி உண்டாக்குவது அது. மெருகுப் பசையைத் தொடாமல், மூங்கில் குச்சியின் முனையால் மட்டும் சுரண்டி, இதுவரை பதினொன்றில் இரண்டு குமிழ்களை முடித்திருக்கிறேன்.