பேக் ஆபீஸ் வேலையில் இருந்துகொண்டே சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட்: நான் படித்த விதம்

மெடிக்கல் பில்லிங், இன்வாய்ஸ் பதிவு, காப்பீட்டு கிளெய்ம், லோன் விண்ணப்பம் என்று வேலை பார்ப்பவர்கள் கிரீன் பெல்ட் (பிழைகளைத் தரவை வைத்துக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறையில் ஒரு நிலைச் சான்றிதழ்) தேர்வை எழுதத் தயங்குவதற்கு ஒரு காரணத்தை அடிக்கடி சொல்கிறார்கள்: "பாடமெல்லாம் ஃபேக்டரிக்காரங்களுக்கு எழுதின மாதிரி இருக்கே." தண்டின் விட்டம், போல்ட்டின் நீளம் என்றுதான் உதாரணங்கள் வரும், உண்மைதான். ஆனால் நான் மெடிக்கல் பில்லிங் தரப் பிரிவில் இருந்துகொண்டேதான் ஏ.எஸ்.க்யூ. என்கிற அமெரிக்கத் தரச் சங்கத்தின் தேர்வை எழுதித் தேறினேன். அந்தப் பாடத்தை அலுவலகத் தரவோடு சேர்த்துப் படித்தால் இன்னும் நன்றாகவே புரியும். அதை எப்படிச் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. கணினியில் எழுதும் தேர்வு. 110 கேள்விகள், அதில் 10 மதிப்பெண்ணில் சேராது. எந்தப் பத்து என்று நமக்குத் தெரியாது. நேரம் 4 மணி 18 நிமிடம். 750-க்கு 550 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடக் கூடாது. பாடப் பகுதிகளில் மூன்றாண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் பணம் கட்டும் முன் அவர்களுடைய கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

இனி படிப்புக்கு வருவோம். சூத்திரங்களை மனப்பாடம் செய்வதில்தான் பெரும்பாலானோர் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வுக்கு அது தேவையே இல்லை. கேள்வியைப் படித்ததும் "என் கையில் இருப்பது எந்த வகைத் தரவு?" என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம்தான் தேவை. அளந்து வந்த எண்ணா, எண்ணி வந்த எண்ணா? அதைப் பொறுத்துத்தான் எந்த கன்ட்ரோல் சார்ட் என்பது முடிவாகும். (நாள்தோறும் வரும் எண்களைச் சராசரிக் கோட்டோடும் மேல், கீழ் எல்லைக் கோடுகளோடும் வரைந்து காட்டும் படம்தான் கன்ட்ரோல் சார்ட்.) அளந்தது என்றால், சிறு குழுக்களாக எடுத்த எண்களுக்கு எக்ஸ்-பார் ஆர் சார்ட், ஒவ்வொன்றாக வரும் எண்களுக்கு ஐ-எம்ஆர் சார்ட். நூறு கிளெய்மில் எத்தனை கிளெய்ம் தப்பு என்றால் பி சார்ட். ஒரு கிளெய்முக்குச் சராசரியாக எத்தனை தப்பு என்றால் யூ சார்ட். இந்த ஒரு பிரிவினை கைவசம் வந்துவிட்டால் கன்ட்ரோல் சார்ட், ஹைப்போதிசிஸ் டெஸ்ட் (கண்ட வித்தியாசம் உண்மையா, தற்செயலா என்று சோதிப்பது) இரண்டிலும் பாதிக் கேள்விகளுக்கு நான்கு விடைகளில் இரண்டைப் பார்த்ததுமே தள்ளிவிடலாம். தொழிற்சாலையில் பெரும்பாலும் அளக்கிறார்கள், நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். பாடப் புத்தகம் நமக்கு அந்நியமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

பி சார்ட்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வேலைக்கு இதுதான் உயிர். தினமும் 200 கிளெய்மை எடுத்து ஆடிட் செய்கிறீர்கள், நீண்ட நாள் சராசரிப் பிழை 4% என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு நாளைக்குச் சராசரியாக 8 பிழைக் கிளெய்ம். 0.04-ஐ 0.96-ஆல் பெருக்கி, 200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.01386. அதை மூன்றால் பெருக்கிச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 8.16%. கீழ் எல்லை மைனஸில் போகிறது, அதனால் பூஜ்யம். 200-இல் 8.16% என்றால் 16-க்குக் கொஞ்சம் மேல்.

இப்போது திங்கட்கிழமை 5 பிழை, செவ்வாய்க்கிழமை 14 பிழை வருகிறது. எந்த அலுவலகமாக இருந்தாலும் செவ்வாய் சாயங்காலம் மீட்டிங் போட்டு "நேத்து நல்லா இருந்துச்சே, இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். சார்ட்டைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. 5-உம் 14-உம் ஒரே புராசஸிலிருந்து வரக்கூடிய எண்கள்தான். திங்கட்கிழமை யாரும் சிறப்பாகச் செய்துவிடவில்லை, செவ்வாய்க்கிழமை யாரும் கோட்டை விடவில்லை. 17 வந்திருந்தால் அன்றைக்கு மட்டும் என்ன நடந்தது என்று தேடுவதில் அர்த்தம் உண்டு. அல்லது எல்லைக்குள்ளேயே இருந்தாலும் மையக்கோட்டுக்கு மேலேயே தொடர்ந்து 8 புள்ளிகள் விழுந்தால் தேடலாம். கன்ட்ரோல் சார்ட்டைப் படிக்க உதவும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் விதிகளில் அதுவும் ஒன்று. இவை எதுவும் இல்லாதபோது 14-ஐக் குறைக்க வேண்டும் என்றால் அந்த நாளையோ அந்த ஆளையோ பிடித்துப் பயனில்லை. 4% என்கிற சராசரியையே குறைக்கும்படி வேலை நடக்கும் முறையை மாற்ற வேண்டும்.

இயல்பான ஏற்ற இறக்கத்துக்கும் தனிக் காரணத்தால் வருவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16-ஆம் தேதி தன் மேலாளருக்கு அனுப்பிய ஒரு சிறு குறிப்பில் முதன்முதலாக வரைந்து காட்டினார். அவர் வேலை பார்த்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் டெலிபோன் கருவிகள் செய்த கம்பெனி. பிறகு அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் இதை 1950-இல் ஜப்பானிய நிர்வாகிகளுக்கும் பொறியாளர்களுக்கும் கற்பித்தார். இயல்பான ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் எதிர்வினை காட்டினால் புராசஸ் இன்னும் மோசமாகும் என்பதை ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்துச் செய்து காட்டுவார். தேர்வில் இது 'காமன் காஸ்' (இயல்பான ஏற்ற இறக்கம்), 'ஸ்பெஷல் காஸ்' (தனிக் காரணம்), 'டாம்பரிங்' (இயல்பானதற்கெல்லாம் எதிர்வினை காட்டுவது) என்கிற பெயர்களில் வரும். கணக்கே இல்லாத சூழ்நிலைக் கேள்விகளாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் உங்கள் டீமின் ஒரு மாதப் பிழை எண்ணிக்கையை எடுத்து, சாஃப்ட்வேர் இல்லாமல், கிராஃப் தாளில் பென்சிலால் ஒரு பி சார்ட் போட்டுப் பாருங்கள். ஒருமுறை போட்டால் போதும், மறக்காது.

அடுத்து நம்மவர்கள் அதிகம் தாண்டிப் போகிற பகுதி, அளவீட்டு முறை ஆய்வு. ஸ்க்ரூ கேஜ், வெர்னியர் என்று ஆரம்பிப்பதால் "நமக்கு இல்லை" என்று புரட்டிவிடுகிறோம். நம் அலுவலகத்தில் கேஜ், அதாவது அளக்கும் கருவி, எது? ஆடிட்டர்தான். ஒரே கிளெய்மை இரண்டு ஆடிட்டர்களிடம் கொடுத்தால் ஒரே தீர்ப்பு வருகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு பேரும் 100 கிளெய்மைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் 90-ஐச் சரி என்றும் 10-ஐத் தப்பு என்றும் சொல்கிறார்கள், 90 கிளெய்மில் இருவர் தீர்ப்பும் ஒத்துப்போகிறது. 90% ஒற்றுமை என்றால் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இருவரும் கிளெய்மைத் திறந்தே பார்க்காமல் அதே விகிதத்தில் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் 0.9 × 0.9 + 0.1 × 0.1, அதாவது 82% ஒத்துப்போயிருக்கும். அந்த 82%-ஐ 90%-இலிருந்தும் 100%-இலிருந்தும் கழித்து, 0.08-ஐ 0.18-ஆல் வகுத்தால், தற்செயல் போக மிஞ்சும் ஒற்றுமையைக் காட்டும் கப்பா மதிப்பு 0.44. இது நம்பத் தகுந்த அளவே இல்லை. இப்படிப்பட்ட ஆடிட்டை வைத்துக்கொண்டு ஒருவருடைய இன்சென்டிவை நிர்ணயிப்பது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், புராசஸைத் திருத்தப் புறப்படும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனையைத்தான்.

நேரம் சம்பந்தப்பட்ட தரவில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கிளெய்ம் முடிய சராசரியாக 3 நாள், திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 2.5 நாள் என்று கொடுத்து, புராசஸ் கேட்ட எல்லைக்குள் எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று காட்டும் சிபிகே எண்ணைக் கேட்பார்கள். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்தைக் கழித்துப் பாருங்கள்: மைனஸ் 4.5 நாள். கிளெய்ம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று அர்த்தம்! இப்படி வந்தால் அந்தத் தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவல் இல்லை, வலது பக்கம் நீண்ட வால் உள்ளது. கண்ணை மூடிக்கொண்டு சிபிகே போடக் கூடாது. ஹிஸ்டோகிராம் வரைந்து பரவலைப் பார்த்து, எண்களை மணி வடிவத்துக்கு அருகில் கொண்டுவரும் பாக்ஸ்-காக்ஸ் போல ஏதாவது உருமாற்றம் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அலுவலகத்தில் காத்திருப்பு நேரம், முடிக்கும் நேரம் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஹைப்போதிசிஸ் டெஸ்ட் பகுதிக்குச் சின்னச் சின்னச் சூழ்நிலைகளாக எழுதிப் பழகுங்கள். இரண்டு ஷிஃப்ட்டின் பிழை விகிதத்தை ஒப்பிடுவது ஒன்று. அதே ஆட்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவது வேறு, அது பேர்டு டி-டெஸ்ட். மூன்று டீமின் சராசரி நேரம் என்றால் அனோவா, அதாவது பல சராசரிகளை ஒரே முறையில் ஒப்பிடும் சோதனை. மூன்று தனித்தனி டி-டெஸ்ட் ஏன் கூடாது என்று கேட்பார்கள்: ஒவ்வொன்றிலும் 5% தவறும் வாய்ப்பு இருந்தால் மூன்றையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 14% ஆகிவிடும். பி-வேல்யூ என்பது "மாற்றம் பலித்ததற்கான சதவீதம்" அல்ல. உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகவே வந்து விழும் வாய்ப்பு அது.

ரோல்டு த்ரூபுட் யீல்டு, அதாவது எல்லாக் கட்டத்தையும் பிழையில்லாமல் தாண்டும் விகிதம், எளிது, அதை விட்டுவிடாதீர்கள். நோயாளி விவரப் பதிவு, கோடிங், சார்ஜ் என்ட்ரி, கிளெய்ம் அனுப்புதல், பேமென்ட் போஸ்டிங் என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றும் 98% சரி. எல்லா மேசையிலும் பச்சை விளக்குதான். ஆனால் 0.98-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.904. நூற்றில் பத்துக் கிளெய்ம் எங்கோ ஓரிடத்தில் அடிவாங்குகிறது. பத்து லட்சத்துக்கு 3.4 பிழை என்கிற பிரபலமான எண்ணும் கேள்வியாக வரும். மோட்டோரோலாவில் 1980-களில் உருவான வழக்கப்படி காலப்போக்கில் சராசரி 1.5 சிக்மா, அதாவது ஒன்றரைத் திட்ட விலக்கம், நகரும் என்று ஆறிலிருந்து கழித்துத்தான் அந்த எண் கிடைக்கிறது, அதாவது 4.5 சிக்மாவின் ஒருபக்க வால்.

புத்தகம் திறந்து எழுதலாம் என்பதை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம். ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கும் குறைவுதான், அதற்குள் தேடிப் படிக்க முடியாது. ஒரே ஒரு முதன்மைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அட்டவணைப் பக்கங்களில் ஸ்டிக்கி டேப் ஒட்டுங்கள். இயல்நிலைப் பரவலின் பரப்பைத் தரும் இசட் அட்டவணையில் கவனம்: சில புத்தகங்களில் பூஜ்யத்திலிருந்து பரப்பு, சிலவற்றில் இடது கோடியிலிருந்து, சிலவற்றில் வலது வால் மட்டும். பயிற்சி செய்த அட்டவணையையே தேர்வுக்கும் எடுத்துப் போங்கள். கால்குலேட்டரும் அப்படித்தான், எந்த மாடலுக்கு அனுமதி என்று முன்பே பார்த்து வாங்கி, அதிலேயே எல்லாக் கணக்கையும் போட்டுப் பழகுங்கள். முதல் சுற்றில் கணக்கில்லாத கேள்விகளை முடித்துவிட்டு, அப்புறம் நிதானமாகக் கணக்குகளுக்கு வருவது எனக்கு நன்றாக உதவியது.

தனியாகப் படிக்கக் கஷ்டமாக இருந்தால், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகள் சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன, அவர்கள் நடத்தும் பயிற்சிகளை விசாரியுங்கள். புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் தொடங்கிய நிறுவனம் அது. அதன் அழைப்பில்தான் ஷூஹார்ட் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்து இங்குள்ள ஆலைகளைப் பார்த்தார். அங்கே புள்ளியியலை அடிப்படையிலிருந்து சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஏ.எஸ்.க்யூ. கிரீன் பெல்ட்டுக்கு முடித்த புராஜெக்ட் எதையும் காட்ட வேண்டியதில்லை. அடுத்த நிலையான பிளாக் பெல்ட்டுக்கு வேண்டும்: கையெழுத்திட்ட உறுதிமொழியோடு இரண்டு புராஜெக்ட், அல்லது ஒரு புராஜெக்டும் மூன்றாண்டு அனுபவமும். ஆகவே இப்போதே அலுவலகத்தில் ஏதாவது மேம்பாட்டு வேலை செய்தால் சார்ட்டர் (புராஜெக்டின் நோக்கத்தைச் சொல்லும் தொடக்க ஆவணம்), ஆரம்ப நிலைத் தரவு, மாற்றத்துக்குப் பிறகான சார்ட் எல்லாவற்றையும் உங்கள் நிறுவனத்தின் அனுமதியோடு, நோயாளி விவரங்களை நீக்கிவிட்டு, ஒரே கோப்பில் தேதியோடு சேர்த்து வையுங்கள். கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் வேறு கம்பெனிக்குப் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.