ஒத்தக்கடை மொட்டைமாடியில் ஒரு ராக்கெட்

தீபாவளிக்கு ஒத்தக்கடையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டைமாடியில் பாட்டிலுக்குள் செருகிப் பற்றவைத்த ராக்கெட், யானைமலைப் பக்கமாகச் சீறிப் போய் வெடித்தது. கொஞ்ச நேரத்தில் கருகின குச்சி மட்டும் தண்ணீர்த் தொட்டி மேல் டக்கென்று விழுந்தது. அக்கா மகள் அதை எடுத்து வந்து, "மாமா, திரும்பி விழாம இருக்கணும்னா எவ்வளவு வேகமாப் போகணும்?" என்றாள்.

நொடிக்கு 11.2 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மதுரையிலிருந்து சென்னைக்கு முக்கால் நிமிடம்கூட ஆகாது. காற்றுத் தடையை விட்டுவிட்டால், இந்தக் குச்சிக்கும் அதே வேகம்தான், யானைக்கும் அதே வேகம்தான். எடை கூடினால் எரிபொருள்தான் கூடும்.

மேலே போகப் போக பூமியின் இழுப்பு குறையும்; ஆனால் முழுக்க அறுந்துபோகாது. இந்த வேகத்தில் கிளம்பியதும் மெதுவாகிக்கொண்டேதான் போகும், நின்று திரும்புகிற நிலை மட்டும் வராது. இந்தக் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

2023-ல் போன சந்திரயான் 3 இந்த வேகத்தைத் தொடவே இல்லை. நிலாவே பூமியின் பிடியில்தானே சுற்றுகிறது? சுற்றுப்பாதையைப் படிப்படியாக நீட்டியே அங்கே சேர்த்துவிட்டார்கள். செவ்வாய்க்குப் போன மங்கள்யான்தான் பூமியின் பிடியை விட்டே போக வேண்டியிருந்தது.

"சரி மாமா, நிலாவுல இருந்து கிளம்பணும்னா?"

"2.4 கிலோமீட்டர் போதும்மா."

குச்சியைக் கையில் உருட்டியபடி யோசித்தாள். அப்புறம் அடுத்த ராக்கெட்டைப் பாட்டிலில் செருகினாள்.